ராசாவின் மகள் இறங்கிய யன்னல்

அன்றைக்கு அந்தக் கோட்டைக்குள் நின்றது அப்பாவும் ஒன்பது வயது நானும், மூக்கில் ஏறிய ஈரக் கல்லின் மணமும்தான். அக்காவுக்குக் காய்ச்சல் என்று அம்மா, நாங்கள் விடுமுறைக்குப் போயிருந்த ஸ்கொட்லாந்துச் சித்தப்பா வீட்டிலேயே நின்றுவிட்டா, சித்தப்பாவுக்கோ வேலை. ஊரில் மூன்றாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போன அப்பா, "என்ர பெடியன் இங்கிலிசைத் தண்ணி மாதிரி வாசிப்பான்" என்று காலையிலேயே சொல்லிவிட்டு, பலகைக்குப் பலகை நின்று, "தம்பி, உதில என்ன போட்டிருக்கு?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

ஒடுங்கிய யன்னல் ஒன்றின் கீழிருந்த பலகையில் பாதிச் சொல் எனக்கு விளங்கவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். கண்ணெல்லாம் வாசலில் விற்ற விளையாட்டு மர வாளில். "எதிரி வந்த நேரம் ராசா தன்ர மகளை இதாலதான் கயிறு கட்டி இறக்கித் தப்பவைச்சவராம்" என்று அளந்துவிட்டேன். சண்டைக் காலத்தில் கைக்குழந்தை அக்காவைத் தோளில் வைத்துக் கழுத்தளவு தண்ணீரில் கடல்நீரேரியைக் கடந்தவர் அப்பா. "பெத்தவன் வேற என்ன செய்வான்" என்று அந்தக் கல்லைத் தடவினார்.

பிறகு இருபது வருடம், கடலுக்கு இந்தப் பக்கம் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணியோடு அந்த ராசாவும் வருவார். எங்கள் குடும்பத்தில் முதலாவதாகக் கம்பஸ் வரை படித்தவன் நான், அந்தக் கதையை ஒருநாளும் திருத்தவில்லை.

இந்தக் கோடையில் அக்காவின் மகள் நிலாவையும் கூட்டிக்கொண்டு திரும்ப அதே கோட்டைக்குப் போனோம். அப்பா அவளை நேரே அந்த யன்னலடிக்கு இழுத்துப்போய், "உந்தப் பலகையை வாசி குஞ்சு" என்றார். வாசித்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மப்பா, இதில ராசாவும் இல்லை, மகளும் இல்லை. கிச்சின் குப்பை கொட்டுற ஓட்டையாம்!"

அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. "நான்தான் மாறி விளங்கிப்போட்டன், பிள்ளை. உன்ர மாமா அப்ப சரியாத்தான் வாசிச்சவன்."

இல்லை அப்பா, பிழை என்னில்தான் என்ற ஒரு வரி தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஒன்பது வயதில் சொன்ன பொய்யைவிட அந்த விழுங்கல்தான் என்னைத் தலைகுனிய வைக்கிறது.

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள், தேத்தண்ணி வருகிறது, ராசா வருவதில்லை. முன்பெல்லாம் வீட்டுக்கு வரும் இங்கிலிசுக் கடிதங்களை வாசிக்கச் சொல்லி என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கும் அப்பா, அவற்றைப் பிரிட்ஜுக்கு மேல் அடுக்கிவிட்டு, சனிக்கிழமை அக்கா வீடு இருக்கும் அஜக்ஸிலிருந்து நிலா வரும்வரை காத்திருக்கிறார். "தாங்கோ அப்பா, நான் வாசிக்கிறன்" என்றால், "நீ களைச்சு வந்திருக்கிறாய், பிள்ளை வரட்டும்" என்கிறார். போன மாதம் நீச்சல் வகுப்பென்று அவள் இரண்டு சனிக்கிழமை வரவில்லை; அடுக்கில் கிடந்த கரண்ட் பில்லின் தவணை தப்பிப்போனது. பிந்தியதற்கென்று அப்பா மேலதிகமாகக் கட்டியது பதினொரு டொலர்.