பாவாடை கட்டச் சொன்ன கனவான்கள்

இங்கிலாந்தின் விகன் ஊரில் கெசையாவைச் சாந்தமானவள் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லவும் கூடாது. சின்ன வயதிலேயே ஒரு துணிக்கடைக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனவள் அவள். அந்த வீட்டு அம்மாளுக்குச் சிரித்தாலும் குற்றம், தும்மினாலும் குற்றம். தன் தாயைப் பார்க்கப் போகக்கூட விட மாட்டாள். ஒரு நாள் கரித்துணியை அந்த அம்மாளின் மடியிலேயே எறிந்துவிட்டு, நிலக்கரிச் சுரங்கத்தின் வாயில் வேலைக்குச் சேர்ந்தாள் கெசையா. கீழேயிருந்து ஏறிவரும் கரிவண்டிகளைத் தண்டவாளத்தில் தள்ளிப்போய்க் கவிழ்க்க வேண்டும். முதுகு ஒடிகிற வேலைதான். ஆனால் சங்கு ஊதிவிட்டால் அவளை ஏன், எங்கே என்று கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை. தோழி திர்சாவோடு சேர்ந்து ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தாள். அந்த அறையில் இருவரும் ராணிகள்.

சுரங்க வாயில் பெண்கள் எல்லோருக்கும் கால்சட்டைதான். ஊரில் யாருக்கும் அது கண்ணை உறுத்தவில்லை. லண்டனில் நாற்காலி தேய்த்துக்கொண்டிருந்த கனவான்களுக்குத்தான் உறுத்தியது. பெண்ணுக்கு வீட்டு வேலைதான் லட்சணம், சுரங்கத்திலிருந்து விரட்டுங்கள் என்று சட்டம் கொண்டுவரக் கிளம்பினார்கள். நாட்டையே ஒரு பெண் ஆண்டுகொண்டிருந்தாள். அவளை அடுப்படிக்குப் போகச் சொல்ல மட்டும் எவனுக்கும் வாய் வரவில்லை!

நேரில் பார்க்க அவர்கள் வருகிறார்கள் என்றதும் மேலாளர் ஹாலிவெல் ஒரு மூட்டை நீளப் பாவாடைகளைக் கொண்டுவந்து போட்டார்.

“கால்சட்டையைப் பாத்தா பெரிய மனுசங்க முகம் சுளிப்பாங்கம்மா. இன்னிக்கு ஒரு நாள் கட்டிக்குங்க. உங்க வேலையைக் காப்பாத்தத்தான் சொல்றேன்.”

“சக்கரத்துல மாட்டினா என்னய்யா பண்றது?” என்றாள் கெசையா.

“கையால தூக்கிப் பிடிச்சுக்க.”

“அப்ப வண்டியை எதால தள்றது? உங்க மீசையாலயா?”

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனாலும் வேலை போய்விடுமே என்ற பயம். ஆளுக்கொன்றைக் கால்சட்டைக்கு மேலேயே கட்டிக்கொண்டார்கள்.

கனவான்கள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்கள் எதிரிலேயே திர்சாவின் பாவாடை சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அவள் இழுத்தாள், துணி விடவில்லை. தண்டவாளத்தில் விழுந்தாள். பின்னால் உருண்டு வந்த வண்டி அவள் காலில் ஏறிவிட்டது. கெசையா ஓடிப்போய்த் துணியைக் கிழித்து அவளை வெளியே இழுத்தாள். முழங்காலுக்குக் கீழே பார்க்கிற மாதிரி இல்லை.

திர்சாவைத் தூக்கிக்கொண்டு போனதும் ஒரு கனவான் தலையை ஆட்டினார். “பாத்தீங்களா! இதுக்குத்தான் சொல்றோம். பொம்பளைங்களுக்கு இந்த வேலை ஆகவே ஆகாது.”

ஹாலிவெல் வாயே திறக்கவில்லை. அடப்பாவி, பாவாடையைக் கொடுத்தது நீதானே!

கெசையா அவர் முன்னால் போய் நின்றாள். “வேலையா அவ காலை நசுக்குச்சு? உங்க கண்ணு கூசக் கூடாதுன்னு கட்டினோமே, இந்தப் பாவாடை நசுக்குச்சு!” அத்தனை பேர் முன்னால் நாடாவை அவிழ்த்துப் பாவாடையைக் கழற்றி அந்த மனிதரின் பளபள பூட்ஸ் மேல் எறிந்தாள். கால்சட்டையோடு நிறை வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். “எங்க மாட்டிச்சு? சொல்லுங்க, எங்க மாட்டிச்சு?”

“கெசையா, உனக்கு நாளையிலேர்ந்து வேலை கிடையாது!” என்று ஹாலிவெல் கத்தினார்.

“அப்ப எங்களுக்கும் வேண்டாம்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பாவாடைகள் ஒவ்வொன்றாகக் கரித்தூளில் விழுந்தன. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கரிவண்டிகள் வரிசையாகத் தேங்கி, கீழே சுரங்கமே நின்றுபோனது. கடைசியில் ஹாலிவெல்தான் இறங்கி வரவேண்டியிருந்தது.

சில மாதங்கள் கழித்து அந்தச் சட்டமும் பாராளுமன்றத்தில் மண்ணைக் கவ்வியது. சுரங்க வாயில் பெண்கள் மரச்செருப்பைத் தட்டித் தட்டி ஆடினார்கள். கெசையா ஆடவில்லை. சேதியைச் சொல்லத் திர்சாவிடம் ஓடினாள்.

நசுங்கின காலை வெட்டி எடுத்த பிறகு திர்சாவை அவள் அண்ணன் தன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தான். சோறு போடுகிறவர்கள் சும்மா போடுவார்களா? சமையலறை மூலையில் உட்கார்ந்து மலைபோல் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“ஜெயிச்சுட்டோம்டி! எவனும் நம்மள வீட்டு வேலைக்கு விரட்ட முடியாது!”

திர்சா நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க ஜெயிச்சீங்கடி. நான்?”

கெசையா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கத்தியைப் பிடுங்கி, மிச்சக் கிழங்குகளைத் தானே சீவ ஆரம்பித்தாள். இருந்த ஆத்திரத்தில் பாதிக் கிழங்கு தோலோடு போயிற்று.