எழுதாமல் விட்ட மாலைகள்

1989 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.10க்குத் தேநீர். 5.30க்கு மாட்டுக்கொட்டில். 7.45க்குக் குதிரைக் கொட்டிலின் மேல்தட்டிலிருந்து பதினான்கு கட்டு உலர்புல்லை இறக்கி, கயிற்றை வெட்டி, உதறிப் போட்டேன். 9.30க்கு வெண்ணெய் தடவிய பாணும் முட்டையும். பிறகு மேற்குப் பக்க வேலியில் மூன்று கட்டைகளை மாற்றினேன். வெளியே நான்கு பாகை, காற்று மேற்கிலிருந்து.

அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு நடந்ததை நான் எழுதவில்லை. உடல் நடுங்கியது. நெஞ்சுக்குள் யாரோ சாக்கைக் கட்டி இறுக்குவதுபோல் இருந்தது. கொட்டிலின் பின்சுவரில் கையை ஊன்றி நின்று, சத்தம் வெளியே வராமல் மேற்சட்டையின் கைக்குள் இருமினேன். நிமிர்ந்தபோது மகள் ஷாமினி பள்ளிக்கூடப் பையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வயது. நேரே வீட்டுக்கு நடந்தாள்.

அவள் தாயிடம் சொல்லப் போகிறாள் என்று எனக்கு விளங்கியது. மூச்சு முட்டியதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மறைப்பதற்கு என்னிடம் இருந்த காரணம் அந்த நாட்களில் எனக்கு மிகச் சரியாகப்பட்டது.

நான் டென்மார்க்குக்கு வந்தது 1986 பெப்ரவரியில். முதல் அகதி விசாரணையில் என் நாட்குறிப்பை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படி எடுத்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். கேட்டுத்தான் வாங்கினார்கள், மரியாதையாகத்தான் தந்தார்கள். ஆனாலும் அன்றிலிருந்து வேறொருவர் வாசிக்கப் போகிறார் என்ற எண்ணத்தோடுதான் நான் எழுதினேன். 1987இல் மனைவிக்கும் மகளுக்கும் குடும்ப இணைப்பு விண்ணப்பம் கொடுத்தேன். பதில் வரவில்லை. எஸ்பியர்க் நகரில் இருந்த எங்கள் ஆட்கள் யாருக்குமே வரவில்லை. எங்களுடைய கோப்புகள் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. ‘தமிழ் வழக்கு’ என்று அந்த நாட்டுப் பத்திரிகைகள் அதைத்தான் எழுதின. அன்று எங்களுக்கு அது தெரியாது. காரணம் தெரியாதபோது மனிதர் காரணத்தைத் தம்மிடமே தேடுவார்கள்.

நான் தேடிக் கண்டுபிடித்தது இருமல். அது 1987 டிசம்பரில் தொடங்கியது. காசநோய் என்றே நினைத்தேன். வைத்தியரிடம் போனால் அவர் எழுதுவார், எழுதியது கோப்புக்குப் போகும், கோப்பு மூடப்படும். மீன் தொழிற்சாலையில் வேலை செய்த இரண்டு பேரும் இதையே சொன்னார்கள். அவர்களுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. இரண்டு குளிர்காலம் கைக்குள் இருமினேன். நாட்குறிப்பில் ஒரு சொல்லும் எழுதவில்லை.

1989 அக்டோபர் 3ஆம் திகதி மனைவி றீற்றாவும் ஷாமினியும் வந்து சேர்ந்தார்கள். அனுமதி கிடைத்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. கொடுத்ததைப் பறிக்க மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

றீற்றாவுக்கும் எனக்கும் இடையில் இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 1984இல் ஊரில் எனக்கு வேலை போனது. நான்கு மாதம் அதை அவளிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் உடுத்திக்கொண்டு வெளியே போய் நூலகத்தில் இருந்துவிட்டு ஐந்தரைக்கு வீடு திரும்பினேன். தெரியவந்த அன்று அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மன்னாரில் தாய் வீட்டுக்குப் போனாள். “வேலை போனதுக்கு நான் போகேல்லை” என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு ஐந்து வருடம் கடிதத்தில்தான் வாழ்ந்தோம். டென்மார்க்குக்கு வரச் சம்மதித்தபோது அவள் வைத்த நிபந்தனை ஒன்றே: “ஒரு வருசம் பாப்பன். பிறகு முடிவு சொல்லுவன்.”

எங்களுக்கு வீடு தந்தவர், 1987இலிருந்து நான் வேலை செய்த பண்ணையின் சொந்தக்காரி கிறிஸ்தன். வயது அறுபத்தொன்று, கணவர் இறந்துவிட்டார். முப்பது மாடுகள், ஒன்பது குதிரைகள். வந்த மூன்றாம் நாளே றீற்றா குதிரைக்குக் கிட்டப் போய்க் கழுத்தில் தட்டிக்கொடுத்தாள். “பயமில்லையா?” என்று கேட்டேன். “மன்னார் டவுனிலை கழுதையளைத் தள்ளி விலத்திக்கொண்டுதானே பள்ளிக்கூடம் போனனாங்கள். இது கொஞ்சம் உயரம், அவ்வளவுதான்” என்றாள். அவள் சிரித்ததை ஐந்து வருடத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். அதை எழுதி வைத்திருக்கிறேன்: பிற்பகல் 4.20.

நவம்பர் 14க்குத் திரும்புகிறேன். வீட்டுக்குள் போனபோது றீற்றா அடுப்படியில் நின்றாள்.

“எவ்வளவு நாளா?”

“தடிமன்தான். வெறும் சளி.”

“நான் வந்து ஆறு கிழமை. வந்த நாளிலயிருந்து உங்கட மூக்குத் துடைக்கிற லேஞ்சியளை ஏன் நீங்களே தோய்க்கிறியள் எண்டு பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். தடிமன்காரன் லேஞ்சியை ஒளிக்க மாட்டான்.”

கையிலிருந்த லேஞ்சியை நான் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

“அந்த நாலு மாசம் மாதிரியே இதும்?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. நாளைக்கே வைத்தியரிடம் போகாவிட்டால் வருடம் முடியும்வரை தான் காத்திருக்கப் போவதில்லை என்றாள்.

மறுநாளே போனேன். ஊர் வைத்தியர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு எஸ்பியர்க் வைத்தியசாலைக்கு அனுப்பினார். நவம்பர் 20ஆம் திகதி தனி அறையில் கிடத்தினார்கள். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் முகமூடி போட்டிருந்தார்கள். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் மணல் தூவியதுபோல் புள்ளிகள். சளியைச் சோதித்தார்கள். மாண்டூ சோதனையும் (காசநோய்க் கிருமி உடலில் புகுந்திருக்கிறதா என்று அறிய, முன்கைத் தோலில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் தடிப்பை அளப்பது) செய்தார்கள். தாதி எழுதும்போதெல்லாம் நான் அவருடைய பேனாவையே பார்த்தேன். அந்தத் தாள் எங்கே போகிறது என்று மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் அலமாரிக்கு என்றே சொன்னார்கள். மூவரும் ஒரே பதிலைச் சொன்னதாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது.

மூன்றாம் நாள் காய்ச்சல் போய்விட்டது. மருந்து ஒன்றும் தரவில்லை, தானாகவே போனது. சளியில் கிருமி இல்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். ஏதோ கிருமி வந்து போயிருக்கலாம், ஆனாலும் திரும்ப வந்து காட்டுங்கள் என்றார்கள். நான் தப்பிவிட்டதாக நினைத்தேன்.

27ஆம் திகதி திங்கட்கிழமை காலை புல் உதறினேன். பிற்பகல் மூன்றுக்கு அதே நடுக்கம்.

இம்முறை என்னைப் பார்த்தவர் நுரையீரல் பிரிவின் மூத்த வைத்தியர், மெலிந்த நெடிய பெண். அவர் கேட்டது ஒன்றுதான்.

“எந்தெந்த நாட்களில் இப்படி வந்தது?”

“குளிர்காலத்தில்.”

“எந்த நாட்களில்? நீங்கள் நாட்குறிப்பு எழுதுகிறவர் என்று உங்கள் மகள் தாதியிடம் சொன்னாளாம்.”

எழுதுகிறவன்தான். பசு கன்று போட்ட நிமிடமும் மழை நின்ற நிமிடமும் அதில் இருக்கும். ஆனால் இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அப்படிச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் றீற்றா கையை நீட்டினாள். “தாங்கோ கொப்பியளை.”

“அதுக்குள்ள ஒண்டுமில்லை.”

“இல்லாட்டில் தாறதுக்கென்ன?”

மூன்று கொப்பிகளைக் கொடுத்தேன். சமையல் மேசையில் பென்சிலோடு உட்கார்ந்தாள். இரண்டு நாள் வாசித்தாள். முதல் நாள் இடையில் ஒருமுறை தலையை நிமிர்த்தினாள்.

“இந்த ‘கி.’ ஆர்? ‘கி.யுடன் குதிரைக் கொட்டில்’, ‘கி.யுடன் சந்தை’. பக்கத்துக்குப் பக்கம் கி.”

“கிறிஸ்தன். அவவுக்கு அறுபத்தொண்டு.”

“நான் வயது கேக்கேல்லை.”

“மாட்டைப் பற்றித்தான் கதைப்பம்.”

“ஓம், தெரியுது. என்னட்டையும் நீங்கள் அதைத்தான் கதைக்கிறனீங்கள்.”

இரண்டாம் நாள் பிற்பகல் என்னைக் கூப்பிட்டாள். ஒரு பக்கத்தின் கீழ்ப்பாதியை விரலால் தட்டினாள். வெறுமையாக இருந்தது.

“எந்த நாளும் காலமையும் எழுதுறியள், படுக்க முதலும் எழுதுறியள். என்ன சாப்பிட்டனீங்கள், காத்து எங்கால வீசினது, எத்தினை மணிக்கு லைட் நூத்துப் படுத்தனீங்கள் எண்டு. சில நாளில மட்டும் பின்னேரம் இல்லை. அண்டைக்கெல்லாம் என்ன நடந்தது?”

பொய் எழுதக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் காய்ச்சல் வந்த மாலைகளில் எதுவுமே எழுதாமல் விட்டிருந்தேன். எழுதாமல் விடுவது பொய் ஆகாது என்று நினைத்திருந்தேன்.

அவள் அந்த இடங்களுக்குப் பென்சிலால் புள்ளி வைத்திருந்தாள். இரண்டு குளிர்காலத்தில் முப்பத்தொரு மாலைகள். அவற்றில் இருபத்தெட்டு நாட்களின் காலைக் குறிப்பில் ‘மேல்தட்டுப் புல்’ என்று இருந்தது. கோடையில் ஒரு புள்ளியும் இல்லை. குளிர்காலத்தின் நடுவே கிறிஸ்தன் என்னை ஒரு வாரம் ஓல்போர்க் நகருக்கு அனுப்பியிருந்தாள், பால் இயந்திரம் பழகுவதற்கு. அந்த வாரத்திலும் இல்லை.

வைத்தியர் அந்த நாட்களின் பட்டியலை வரிவரியாகப் பார்த்தார். “இதை யார் செய்தது?” என்றார். மனைவி என்றேன். றீற்றாவின் பக்கம் திரும்பி டேனிஷில் பாராட்டிச் சொன்னார். றீற்றாவுக்கு அது விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையாட்டினாள்.

நோயின் பெயர் விவசாயி நுரையீரல் (ஈரத்தோடு கட்டப்பட்ட புல்லில் வளரும் பூஞ்சணத்தின் நுண்ணிய தூசியை மூச்சில் இழுப்பதால், சிலருடைய நுரையீரல் அழற்சி அடைவது). தொற்றாது. தூசி பட்டு நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்தே காய்ச்சல் வருவதால் யாருக்கும் புல்லின்மீது சந்தேகம் வராது. திரும்பத் திரும்பப் பட்டால் நுரையீரல் தடித்துவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. பிரெட்னிசொலோன் மாத்திரை (அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரோயிட்) தந்தார், மார்ச் வரை படிப்படியாகக் குறைக்கும்படி. புல் இருக்கும் இடத்துக்குள் போகவே கூடாது, போக நேர்ந்தால் தூசி முகமூடி வேண்டும் என்றார். கடைசியாக, “முதல் குளிர்காலத்திலேயே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது” என்றார். அதில் கண்டிப்பு இல்லை. ஒரு தகவலாகத்தான் சொன்னார்.

கிறிஸ்தனுக்கு முதலில் கோபம் வந்தது. “என் புல்லில் என்ன குறை? இருபது வருடமாக இதைத்தான் போடுகிறோம்.” பிறகு கதிரையில் உட்கார்ந்து, தன் கணவரும் குளிர்காலங்களில் இருமுவார் என்றும், அதை ஆஸ்துமா என்றுதான் சொன்னார்கள் என்றும் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மறுநாள் வந்து புதிய ஒழுங்கைச் சொன்னாள்: குதிரைகள் றீற்றாவுக்கு, புல்லைத் தண்ணீரில் நனைத்த பிறகுதான் போடுவது, வேலியும் வயலும் பதிவேடுகளும் எனக்கு.

நான் நன்றி சொன்னேன். உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடியது. மெதுவாக என்னை வெளியே தள்ளப் போகிறாளோ? றீற்றாவுக்கு நான் தேவையில்லை என்று ஆகிவிடுமோ? எதையும் அப்படியே நம்ப முடியாதது நோயின் குணமா, என் குணமா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

வைத்தியசாலையில் ஊதி அளக்கும் ஒரு குழாய் தந்தார்கள் (மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே விட முடிகிறது என்று காட்டுவது). நல்ல நாளில் என்னுடையது 480. காலையில் ஊதி, எழுதி, றீற்றாவிடம் சொல்வேன். படி ஏறும்போது மூச்சு எந்தப் படியில் குறையும் என்று இப்போது முன்பே தெரியும்: ஏழாவது. முன்பு நாளை மணிக்கூட்டால் அளந்தேன். இப்போது காலை எட்டில் என் நெஞ்சுக்குள் போனது என்னவென்று பிற்பகல் இரண்டில்தான் தெரிய வருகிறது. எந்த நல்ல காலையையும் அன்று மாலைவரை நம்ப முடிவதில்லை.

1990 அக்டோபர் 2. பெருமழை. றீற்றா டேனிஷ் வகுப்புக்குப் போயிருந்தாள். கொட்டில் கூரையின் ஒரு தகரம் கிளம்பி, மேல்தட்டில் தண்ணீர் ஒழுகுவது முற்றத்திலிருந்தே தெரிந்தது. கிறிஸ்தனும் இல்லை. காலை 9.15க்கு ஏறி, ஆறு கட்டுகளை நகர்த்திவிட்டு 9.35க்கு இறங்கினேன். முகமூடி போடவில்லை. பிற்பகல் நெஞ்சு இறுகியது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாலை அறைக்குள் போனால், கட்டிலில் பெரிய சூட்கேஸ் திறந்து கிடந்தது. நான் வாசலிலேயே நின்றேன்.

“என்ன பாக்கிறியள்?”

“ஒண்டுமில்லை.”

“கேளுங்கோவன்.”

“போகப் போறீரோ?”

“ஷாமினியின்ர குளிர்ச்சட்டை இதுக்குள்ள கிடந்தது. எடுத்தனான்.” சட்டையை உதறி மடித்தாள். “நாளைக்கு ஒரு வருசம்.”

“தெரியும்.”

“தெரியாமல் இருக்குமே. நான் இன்னும் யோசிக்கிறன்.”

நல்ல வருடமாகத்தான் இருந்தது, இல்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் குரலில் மூச்சு இரைப்பது தெரிந்துவிடும். கேட்காமல், படுக்கும் நேரமானதும் விளக்கை அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலை 4.50க்கு எழுந்தேன். முதல் வேலையாகக் குழாயை ஊதினேன். 390. மீண்டும் ஊதினேன். 385. முந்திய நாள் 475. கொப்பியை எடுக்கவில்லை. வீட்டுச் செருப்போடு முற்றத்தைக் கடந்து, குதிரைக் கொட்டிலின் வாசலுக்கு வெளியே, தூசி எட்டாத இடத்தில் நின்றேன். உள்ளே றீற்றா புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

“றீற்றா, முன்னூற்றித் தொண்ணூறு” என்று உரக்கச் சொன்னேன். “நேற்று மேல ஏறினனான். இருபது நிமிசம். முகமூடி போடேல்லை. பின்னேரமே தெரியும், சொல்லேல்லை.”

அவள் தண்ணீரை நிறுத்தினாள். கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என் காலைப் பார்த்தாள்.

“சப்பாத்தைப் போடுங்கோ. எஸ்பியர்க் போற முதல் பஸ் ஆறு இருபதுக்கு. நானும் வாறன்.”