புருஷன் பெயரைச் சொன்னால்தான் ரத்தம்

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வார்டில் பேசிக்கொள்வார்கள். பொய் இல்லை. ஆனால் ரத்தம் ஏற்றும் நாட்களில் அந்தக் கோபம் உதவியது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அன்று மதியம் டியூட்டிக்கு வந்தபோது, நாட்றம்பள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். காலையில் பிரசவம். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, இவளுக்குத்தான் ரத்தப்போக்கு நிற்கவே இல்லையாம். ஒருவழியாக நிறுத்திவிட்டு, வேலூரிலிருந்து ரத்தம் வரும்வரை சலைன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மாவுக்கு அதில் பெரிய மனக்குறை. பக்கத்துப் படுக்கைக்காரிக்குச் சர்க்கரைத் தண்ணி, தன் மகளுக்கு மட்டும் உப்புத் தண்ணியா என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். குளுக்கோஸ் என்றால் தெம்பு, சலைன் என்றால் ஏதோ ஒப்புக்குப் போடுவது என்று ஊரில் ஓர் எண்ணம். ரத்தம் போகப்போகிற குழாயில் குளுக்கோஸ் இருந்தால் ரத்த அணுக்கள் ஒட்டிக்கொண்டு கெட்டுவிடும், அதனால்தான் சலைன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பவைக்க எனக்கும் நேரமில்லை.

அவளுக்கான இரண்டு பாட்டில் ரத்தம் ஐஸ் பெட்டியில் வைத்து ஜீப்பில் வந்தது. தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்யும் அவள் புருஷன், வேலூரில் தானும் ரத்தம் கொடுத்துவிட்டு, பின்னால் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதே பெட்டியில் இன்னொருத்திக்கான பாட்டிலும் இருந்தது. அவள் மறுநாள் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே பெயர். எந்தப் பாட்டில் யாருக்கு என்று லேபிளில் காட்டியவை புருஷன் பெயரும் ஆஸ்பத்திரி நம்பரும்தான். ஒருத்திக்கானதில் முருகன் பெயர், மற்றவளுக்கானதில் பெருமாள் பெயர். நம்பரைப் படுக்கைத் தலைமாட்டு அட்டையில் பார்க்கலாம். ஆனால் காலை அவசரத்தில் ஆட்களைப் படுக்கை மாற்றியிருந்தார்கள், அட்டைகளையும் மாற்றினார்களா என்று யாருக்கும் நிச்சயமில்லை. அட்டையை நம்ப நான் தயாராக இல்லை.

என்னோடு டியூட்டியில் இருந்த புது நர்ஸ் ஒரு பாட்டிலைப் பிரசவமானவளிடம் எடுத்துவந்து, லேபிளில் இருந்த பெயரைப் படித்து, உன் வீட்டுக்காரர்தானே என்று கேட்டாள். அவள் தலையாட்டினாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. மற்ற லேபிளில் இருந்த பெயரைச் சொல்லி அதே கேள்வியைக் கேட்டேன். அதற்கும் தலையாட்டினாள். அந்த நிலைமையில் இருப்பவள் நாம் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பாள். அதனால்தான் பெயரை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவர்கள் வாயிலிருந்தே வரவேண்டும் என்று விதி வைத்திருந்தோம்.

நீயே சொல்லு என்றேன். மலைமேல் இருக்கிற சாமி பெயர் என்றாள். முருகனும் மலைமேல்தான், பெருமாளும் மலைமேல்தான். அம்மாவிடம் திரும்பினேன். மாப்பிள்ளை பெயரை மாமியார் சொல்வதா என்று அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜாடையை வைத்துக்கொண்டு நான் ரத்தம் ஏற்றுவதாக இல்லை.

"சொன்னா அவருக்கு ஆயுசு கம்மியாய்டும், சிஸ்டர்" என்றாள் அவள்.

"சொல்லலைன்னா உனக்குக் கம்மியாய்டும்" என்றேன்.

தலையணைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லச் சொன்னாள். புது நர்ஸின் கையில் இருந்தது மற்றவளுடைய பாட்டில். குரூப்பே வேறு. ஏற்றியிருந்தால் குளிர் நடுக்கமும் இடுப்பு வலியுமாகத் தொடங்கி, நாங்கள் சுதாரிப்பதற்குள் அவள் போயிருப்பாள்.

சரியான பாட்டிலை மாட்டி, முதலில் மெதுவாக விட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு நாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் அழுதுகொண்டே இருந்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். வலி இல்லையாம். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத பெயரைச் சொல்லிவிட்டாளாம், பஸ்ஸில் வருகிற மனுஷனுக்கு என்ன ஆகுமோ என்று பயமாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் அவர் நல்லபடியாக வந்து சேர்ந்தார். சுண்ணாம்பில் தோலுரிந்த கைகளோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அந்த நேரம் பார்த்து இரண்டாவது பாட்டிலை மாட்ட வேண்டியிருந்தது. இப்போதுதான் தெரியுமே, இன்னொரு தரம் கேட்க வேண்டுமா என்றாள் புது நர்ஸ். ஒவ்வொரு பாட்டிலுக்கும் கேட்டாக வேண்டும் என்றேன். உன் பெயர் என்ன என்றேன், சொன்னாள். புருஷன் பெயர் என்றதும் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். அவள் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, இந்த முறை வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

மனைவி தன்னைக் கூப்பிடுகிறாள் என்று அவர் நினைத்துவிட்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்து, "இன்னா?" என்று கேட்டார்.