ஜனவரி ஒன்றில் சிக்கிய கேமரா

குற்றச்சாட்டு. மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. சுரங்கப்பாதை தோண்டும் பகுதியில் வீட்டுச் சுவர்களின் விரிசல்களைப் படம் எடுக்கும் பணியாளர் மீது, 114 என்று எண்ணிட்ட குறிப்பாணையின் வழியாக, ‘பொய்ப் பதிவு’ என்ற இரண்டு சொற்கள் சுமத்தப்பட்டன. அவர் எழுதிக் கொடுத்திருந்த மூன்று கடிதங்களில் ஒன்றைக்கூடப் படிக்காமல் சுமத்தப்பட்டன. சுமத்தியவர் அவருடைய பிரிவு அதிகாரி. அதற்குக் காரணமாக இருந்தது, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கேமரா.

அந்தப் பணியாளருக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் விரிசலக்கா. வயது நாற்பத்து நான்கு. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அதன் பிறகு பதினொரு வருடம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்து, கைக்கு வந்த காகிதத்தையெல்லாம் படித்து, வரைபடம் பார்க்கவும் விண்ணப்பம் எழுதவும் தானாகவே கற்றுக்கொண்டவர். எதற்கும் ஒரு நகல் எடுத்து வைக்கும் பழக்கமும் அந்தக் கடையில் ஒட்டிக்கொண்டதுதான். வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க அவருடைய கோப்புகள்.

“அண்ணி, எங்கண்ணனுக்கும் ஒரு நகல் எடுத்து வச்சிருக்கீங்களா?” என்று கூடவே இருக்கும் நாத்தனார் கேலி செய்வார்.

“ஒண்ணையே சமாளிக்க முடியல. இதுல நகல் வேறயா?”

வேலை, சொல்வதற்கு எளிது. பூமிக்கு அடியில் துளை போடும்போது மேலே உள்ள வீடுகள் அசைகின்றனவா என்று தெரிய வேண்டும். விரிசலின் குறுக்கே, மில்லிமீட்டர் கோடுகள் போட்ட சிறிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை ஒட்டியிருப்பார்கள். விரிசல் வளர்ந்தால் தகட்டின் முள் நகரும். வாரம் ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், ஏணியில் ஏறி, அந்தத் தகட்டைப் படம் எடுக்க வேண்டும். படத்தின் மூலையில் நாளும் நேரமும் பதிந்திருக்க வேண்டும். விதி ஏழின்படி, தகட்டையும் சுவரையும் தவிரப் படத்தில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. தேதி எழுதிய துண்டுச் சீட்டுகூடக் கூடாது.

பிப்ரவரி இரண்டாம் தேதி ஸ்டோர் கீப்பர் புதிய கேமராவைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். ஒரு கேமரா, ஒரு பேட்டரி, ஒரு சார்ஜர், பதினான்கு மொழிகளில் மடித்த ஒரு தாள். முழுக் கையேடு ஒரு குறுந்தகட்டில் இருந்தது. அந்தக் குறுந்தகட்டைப் போட்டுப் பார்க்கும் கணினி அலுவலகத்தில் ஒன்றுகூட இல்லை.

முதல் நாளிலேயே கேமரா தண்ணி காட்டியது. மேலே இருக்கும் சக்கரம் பைக்குள் கிடக்கும்போது தானாகத் திரும்பி எங்கேயோ போய் நின்றிருந்தது. ஏணியின் ஐந்தாவது படியில் நின்று பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. திரையில் ஒரு மஞ்சள் நிற முகம் மட்டும் பல்லைக் காட்டியது. எதிரில் யாராவது சிரித்தால்தான் படம் எடுக்கும் அமைப்பு அது என்பது விரிசலக்காவுக்கு அப்போது தெரியாது. சுவர் எப்படிச் சிரிக்கும்? கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், என்ன ஆச்சு என்று கேட்டார். விரிசலக்கா கேமராவோடு கீழே குனிந்து, அது பல்லைக் காட்டுவதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். கேமரா ‘க்ளிக்’ என்றது. அந்த வாரப் பதிவில் இருபத்து மூன்றாம் எண் வீட்டுச் சுவருக்குப் பதிலாக அவருடைய பல்வரிசை இருக்கிறது. மறுநாள் எழுதிய முதல் கடிதம் அதைப் பற்றியது.

இரண்டாவது கடிதம் சார்ஜரைப் பற்றியது. பேட்டரியைக் கேமராவுக்குள் வைத்தபடியே சார்ஜ் செய்ய முடியாது. கழற்றித்தான் போட வேண்டும். கழற்றும் மூடி அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதே அடிப்பக்கத்தில்தான், கேமராவை நிறுத்த உதவும் ஸ்டாண்டின் தட்டும் திருகப்பட்டிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் தட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, பேட்டரியை எடுக்க வேண்டும். சார்ஜருக்குள் அந்தப் பேட்டரி இரண்டு பக்கமாகவும் உட்காரும். ஒரு பக்கமாக உட்கார்ந்தால்தான் ஏறும். விளக்கு மெதுவாக மினுங்கினால் சார்ஜ் ஏறுகிறது, வேகமாக மினுங்கினால் கோளாறு என்று தாள் சொல்கிறது. எது மெது, எது வேகம் என்று எந்த மொழியிலும் சொல்லவில்லை. விரிசலக்கா கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினார். பத்து விநாடிக்கு ஏழு தடவை என்றால் ஏறுகிறது; இருபத்திரண்டு என்றால் ஏறவில்லை. எண்ணியதைத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது கடிதம்தான் முக்கியமானது. பிப்ரவரி பன்னிரண்டு, வியாழக்கிழமை. அலுவலக முத்திரையுடன் பெறப்பட்டதற்கான சான்று இருக்கிறது. பேட்டரி அரைமணி நேரம் வெளியே இருந்தால் இந்தக் கேமரா நாளையும் நேரத்தையும் மறந்துவிடுகிறது. பேட்டரியைத் திரும்பப் போட்டதும் தேதி என்ன என்று ஒரு தடவை கேட்கிறது. அந்த நேரத்தில் கை தவறிப் படம் எடுக்கும் பொத்தானில் பட்டுவிட்டால், கேள்வியை மடித்து வைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் ஜனவரி ஒன்று, பகல் பன்னிரண்டு மணியிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. ஒரு சார்ஜ் ஒரு மணி நேரம்கூடத் தாங்காததால், ஒவ்வொரு முறையும் மறுபடி அதே பன்னிரண்டு மணிதான். இதை அவர் கண்டுபிடிப்பதற்குள் பத்து நாள் போய்விட்டது. நாற்பத்தொரு படங்களும் போய்விட்டன. அதன் பிறகு ஒரு படம்கூடத் தவறவில்லை. முன்னால் எடுத்தவற்றை என்ன செய்வது என்று கேட்டுத்தான் அந்தக் கடிதம்.

பதில் வரவில்லை. குறிப்பாணை வந்தது.

நாற்பத்தொரு படங்களும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டவை; உண்மையான நாளை மறைப்பதற்காகத் தேதி மாற்றப்பட்டிருக்கிறது; விசாரணை முடியும்வரை பணிக்கு வர வேண்டாம். ‘பொய்ப் பதிவு’ என்று கோப்பில் ஒருமுறை ஏறிவிட்டால், அதன் பிறகு எந்த அலுவலகமும் அவரை வெளிவேலைக்கு அனுப்பாது. விசாரணைக்கு முந்தைய நான்கு நாளும் விரிசலக்கா சரியாகச் சாப்பிடவில்லை. பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, காகிதங்களை நாள்வாரியாக அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

“விடும்மா. உண்மை உன் பக்கம்தானே இருக்கு?” என்றார் கணவர். அவர் துணிக்கடையில் துணி வெட்டுபவர். எதையும் ஒரே வெட்டில் முடிக்க நினைப்பவர்.

“என் பக்கம் இருந்து என்னங்க? அவங்க காகிதத்துல இல்லையே.”

விசாரணை மார்ச் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை. பிரிவு அதிகாரியின் அறையில் ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஓடாத ஒரு சுவர்க்கடிகாரம். அதிகாரி படங்களைக் கணினித் திரையில் வரிசையாகத் திறந்து வைத்திருந்தார். ஸ்டோர் கீப்பர் சாட்சியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

“பாருங்கம்மா. பன்னெண்டு மணியிலேர்ந்து பன்னெண்டு அம்பத்தெட்டுக்குள்ள எல்லாமே முடிஞ்சிருக்கு. ஒரே மூச்சுல எடுத்துட்டு வாரா வாரம் போனேன்னு சொன்னா எப்படி?”

“சார், பன்னெண்டு நாலுன்னு இருக்கிற படங்களை மட்டும் ஒரு தடவை பாருங்க.”

அதிகாரி பார்த்தார். நான்கு படங்கள். நான்கும் வெவ்வேறு வீடுகள். இரண்டு வீடு தெருவின் இந்த முனையில், இரண்டு அந்த முனையில்.

“ஒரே நிமிஷத்துல நாலு வீட்டு ஏணியில ஏறி நின்னிருக்கேன். நான் என்ன, பறக்கிற ஆளா சார்?”

ஸ்டோர் கீப்பர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரிக்கு முகம் சிவந்தது. “அப்படின்னா நேரத்தையும் சேர்த்து மாத்தியிருக்கீங்க. இதெல்லாம் தானா மாறுமா? எங்க வீட்லயும்தான் கேமரா இருக்கு. என்னைக்கும் மறந்ததில்ல.”

“வீட்டுக்காரங்களைக் கேளுங்க சார். நான் எந்தெந்த நாள் வந்தேன்னு சொல்லுவாங்க.”

“அவங்க உங்களுக்குப் பேரே வச்சிருக்காங்க. உங்களை விட்டுக் கொடுப்பாங்களா?”

விரிசலக்கா கோப்பை மூடினார். மூன்று கடிதங்கள், ஒரு பெறுகைச் சான்று, பத்து விநாடிக் கணக்குகள் எல்லாம் அதற்குள் இருந்தன. எதையும் எடுத்து நீட்டவில்லை. கேமராவை மேசைமேல் வைத்து, அதிகாரியின் பக்கம் தள்ளினார்.

“நான் தொடவே மாட்டேன் சார். பேட்டரியைக் கழட்டிச் சார்ஜ்ல போடுங்க. அரை மணி நேரம் கழிச்சு எடுத்து மாட்டுங்க. இன்னைக்குத் தேதியில ஒரே ஒரு படம் எடுத்துக் காட்டுங்க. வந்துச்சுன்னா நான் செஞ்சது தப்புன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்.”

அதிகாரி மூடியைத் தேடினார். கிடைத்தது, திறக்கவில்லை. ஸ்டாண்டுத் தட்டைக் கழற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நகத்தால் நெம்பினார், பேனா மூடியால் நெம்பினார். கடைசியில் ஸ்டோர் கீப்பர் ஒரு திருப்புளியைக் கொண்டுவந்தார். பேட்டரி சார்ஜருக்குள் உட்கார்ந்தது. விளக்கு மினுங்கியது.

“ஏறுதா, ஏறலையா?” என்று அதிகாரி ஸ்டோர் கீப்பரைக் கேட்டார்.

“மினுங்குது சார்.”

“அது எனக்கும் தெரியுதுய்யா.”

விரிசலக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து விநாடிக்கு ஏழு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டார். டீ வந்தது, குடித்தார்கள். அரைமணி நேரம் கழித்து அதிகாரியே பேட்டரியை மாட்டினார். திரையில் எறும்பு எழுத்தில் ஏதோ கேட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படிக்கப் பார்த்தவர், பொறுமை போய்ப் படம் எடுக்கும் பொத்தானை அமுக்கினார். கேள்வி மறைந்தது. எதிரில் இருந்த ஸ்டோர் கீப்பரையே படம் எடுத்தார். திரையைத் திருப்பிப் பார்த்தார். கீழ் மூலையில்: ஜனவரி 1, 12:00.

ஸ்டோர் கீப்பரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“இருங்க, இப்பவே சரி பண்றேன்” என்று அதிகாரி மெனுவைத் திறந்தார். நடுப்பொத்தானை அமுக்கும்போது அதைச் சுற்றியிருந்த வளையமும் சேர்ந்து திரும்பியது. எழுத்துகள் எல்லாம் சட்டென்று வேறாகின. கொம்பும் கொக்கியுமாக, மூவரில் ஒருவருக்கும் தெரியாத ஒரு மொழி.

“இது என்ன மொழிய்யா?”

“தெரியல சார். நான் எதையும் தொடல” என்று ஸ்டோர் கீப்பர் கையைத் தூக்கிக் காட்டினார்.

விரிசலக்கா இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: “சாவி போட்ட படம் இருக்கும் சார், அதுக்குள்ள போங்க. கீழ ஏழாவது வரி. வளையத்தைத் திருப்பாதீங்க, மேல்பக்கமா லேசாத் தட்டுங்க. மூணு தட்டு. இப்ப நடுவுல.”

எழுத்துகள் திரும்பி வந்தன. அதிகாரி கேமராவை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, வாய்விட்டுச் சிரித்தார்.

“நானும் ஒரு பொய்ப் பதிவு பண்ணிட்டேன் போல இருக்கேம்மா.”

அந்த ஒரு வாக்கியத்தில் விரிசலக்காவின் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. அப்போதுதான் அந்த அறையில் மின்விசிறி ஓடுவதே அவருக்குத் தெரிந்தது. அதிகாரி அந்த நாற்பத்தொரு படங்களையும் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். தகட்டில் முள் எங்கேயும் நகரவில்லை. “விரிசல் எதுவும் வளரல. அதுவே நல்ல சேதி. போங்கம்மா, திங்கள்லேர்ந்து வழக்கம்போல வாங்க. நடந்ததை மறந்துடுங்க.”

“குறிப்பாணை, சார்?”

“அதான் வாயால சொல்லிட்டேனே.”

வீட்டுக்கு வந்தவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். நாத்தனார் மூன்றாவது முறை பரிமாற வந்து, “அண்ணி, நாலு நாள் பாக்கியை ஒரே நாள்ல அடைக்கிறீங்களா?” என்றார். கணவர் அடுப்படி வாசலில் நின்று சிரித்தார். நீண்ட நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விரிசலக்கா மதியத்தில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார்.

ஞாயிறு மாலை எழுந்து முகம் கழுவிவிட்டு, காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அதான் முடிஞ்சு போச்சே. இன்னும் என்ன எழுதற?” என்றார் கணவர்.

“அவர் நல்ல மனுஷன்தாங்க. நாளைக்கே வேற இடத்துக்கு மாத்திட்டா? வர்ற புது ஆளு சிரிச்சதைப் பார்க்க மாட்டாரு. கோப்பைத்தான் பார்ப்பாரு.”

கணவர் விளக்கைப் போட்டு, நாற்காலியை அவருக்கு அருகே இழுத்துப் போட்டார். மறுநாள் கொடுப்பதற்காக விரிசலக்கா எழுதியது இது:

‘மார்ச் பதினாறு, திங்கட்கிழமை. ஐயா, கடந்த வெள்ளிக்கிழமை தாங்கள் நேரில் சொன்ன சொல் எனக்குப் பெரும் ஆறுதல் அளித்தது. அதற்கு என் நன்றி. எனினும் 114 எண்ணிட்ட குறிப்பாணை இன்றும் என் கோப்பில் உள்ளது. அதை ரத்து செய்து, நாற்பத்தொரு படங்களின் தேதி மாறியதற்குக் கேமராவின் அமைப்பே காரணம் என்று பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன். இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள், தங்கள் கையொப்பமும் அலுவலக முத்திரையும் இட்ட பதிலை எனக்கு எழுத்துமூலமாகத் தர வேண்டும்.’