துரைமார் வீட்டுப் பாடப்பெட்டி

நான் பெரியபிள்ளையானது எட்டாம் வகுப்பிலை. தண்ணி வார்த்து, சீலை உடுத்தி, ஆராத்தி எடுத்து முடிஞ்ச கையோடை பள்ளிக்கூடத்தையும் நிப்பாட்டிப்போட்டினம். அந்த நாளிலை எங்கடை துறைமுகப் பக்கத்துக் குடும்பங்களிலை அது ஒரு புதினமில்லை. பச்சை முட்டையும் நல்லெண்ணெய்யும் பருக்கிப் பிள்ளையைக் கூட்டுக்குள்ளை அடைக்கிறதுக்குப் பேர் மரியாதை. "வீட்டிலையே படிக்கட்டும்" எண்டார் பெரியப்பா. அப்பாவின்ரை தமையன். அவர் சொன்னால் எங்கடை வீட்டிலை மறுகதை இல்லை.

எனக்கு ஒரேயொரு ஆசை. எஸ்.எஸ்.சி. சோதினையை வீட்டிலிருந்து படிச்சும் எழுதலாம் எண்டு பள்ளிக்கூடத்து ரீச்சர் சொல்லியிருந்தா. அதைப் பாஸ் பண்ணினால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அங்கையிருந்து வந்தால் நானும் ஒரு ரீச்சர். குடையைப் பிடிச்சுக்கொண்டு தனியச் சந்தி வரைக்கும் நடந்து போகலாம். சோதினை இல்லாட்டில் குசினி அடுப்புதான், வேறை வழியில்லை. ஆனபடியால் வீட்டிலை என்ன புத்தகம் வைச்சுப் படிக்கிறது எண்டது எனக்கு உயிர்ப் பிரச்சினை.

அதைத் தீர்மானிக்கிறதுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விறாந்தையிலை கதிரை போட்டிருந்தவை ஆர் ஆர்? பெரியப்பா, அப்பா, மாமா. படிக்கப்போற நான் கதவுக்குப் பின்னாலை. மாமா, தையலும் தேவாரமும் போதும் எண்டார். ஒரு தையல் மெசினோடை பொம்பிளைப் பிள்ளையின்ரை படிப்பு முடிஞ்சுபோம் எண்டு நினைக்கிற மூளை அது. தேத்தண்ணி கொண்டுபோன அம்மா மெல்ல, "பள்ளிக்கூடத்துப் புத்தகங்களையே வாங்கிக் குடுத்தால் பிள்ளைக்குச் சோதினைக்கு உதவும்" எண்டா. பெரியப்பா அம்மாவின்ரை பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. "அந்தப் புத்தகம் ஆருக்கு வேணும்? நான் வெள்ளைக்காரப் படிப்பே கொண்டாறன்" எண்டு தேத்தண்ணியைக் குடிச்சார்.

கொண்டுவந்தார். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுட்டுப் போன காலம் அது. துரைமார் வீட்டுச் சாமான் எல்லாம் ஏலத்திலை போச்சு. எங்கடை ஊர்ச் சனத்துக்கெண்டால் விசர் பிடிச்ச மாதிரி. குளிக்கிற தொட்டியை வாங்கி நெல் ஊறப்போட்ட வீடும் இருந்தது, கோல்ஃப் தடியை வாங்கி மாங்காய் பறிச்ச வீடும் இருந்தது. பெரியப்பா தளத்து டொக்யாட் ஸ்டோரிலை கிளாக்கராய் இருந்தவர். அவரின்ரை பெருமை நடப்பைக் கேக்கவே வேணும்! அவர் எடுத்தது ஒரு பச்சைத் தகரப்பெட்டி. ஆரோ ஒரு துரைசாணி, தன்ரை பிள்ளைக்கு வீட்டிலை வைச்சுச் சொல்லிக்குடுக்க இங்கிலாந்திலையிருந்து எடுப்பிச்ச பாடப்புத்தகங்கள் அதுக்குள்ளை. இங்கத்தைப் பள்ளிக்கூடம் அவையின்ரை பிள்ளையளுக்குக் காணாதாம், தரம் போதாதாம். "துரைமாரின்ரை பிள்ளையள் படிச்சது!" எண்டு பெட்டியை நடுவீட்டிலை வைச்சார். அப்பா தலையாட்டினார். அவருக்குத் தெரிஞ்ச வேலை அதுதான்.

என்ன படிப்பு அது! யன்னல் விளிம்பிலை பனி எவ்வளவு உயரத்துக்குக் கொட்டிக் கிடக்குதெண்டு அளந்து எழுதட்டாம். வெளியிலை சூடான கச்சான் காத்து மண்ணை வாரி முகத்திலை அடிக்குது, பனிக்கு நான் எங்கை போக? கணக்கெல்லாம் பவுண், சிலிங், பென்ஸ். ஒரு பாடத்திலை, அம்மாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஒழுங்கையிலை நடந்துபோய்ப் பூப் பறிச்சுக்கொண்டு வா எண்டு இருந்தது. "அதை விடு, அது உனக்கில்லை" எண்டார் பெரியப்பா. நான் வேலிப் படலை தாண்டக்கூடாதெல்லோ.

பின்னேரங்களிலை வந்து கதிரையிலை சாய்ஞ்சுகொண்டு, "வாசி" எண்டுவார். "சத்தமாய் வாசி. வேலிக்கு அங்காலை கேக்கட்டும்." நான் முயல்குட்டி தொப்பியைத் துலைச்ச கதையைத் தொண்டை கிழியக் கத்துவன். அவர் காலை ஆட்டிக்கொண்டு கண்ணை மூடி ரசிப்பார். பக்கத்து வீட்டுச் சனம் மூக்கிலை விரலை வைக்குமாம்! அதுகள் காதைப் பொத்தினதுதான் எனக்குத் தெரியும்.

வாசிக்க வாசிக்க எனக்கு இங்கிலீசு கொஞ்சம் பிடிபட்டுது. அந்தப் பெட்டியாலை எனக்கு வந்த ஒரே உபகாரம் அதுதான். முதலிலை எழுத்துக்கூட்டித் தடவிக்கொண்டு போன முன்பக்கத்தை ஒருநாள் விளங்கி வாசிச்சன். ஏழு வயசுப் பிள்ளையளுக்கான பாடம் எண்டு கொட்டை எழுத்திலை அடிச்சுக் கிடந்தது. எனக்கு அப்ப பதினாலு முடிஞ்சிட்டுது. என்னோடை படிச்ச பெட்டையள் எக்ஸும் வையும் போட்டு அட்சரகணிதம் செய்துகொண்டிருந்தாளவை. நான் முயல்குட்டியின்ரை தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தனான்.

அண்டைக்கு மத்தியானம் பெரியப்பாவுக்கு எங்கடை வீட்டிலைதான் சாப்பாடு. சூடைமீன் குழம்பு. நான் புத்தகத்தைக் கொண்டுவந்து அவருக்கு முன்னாலை விரிச்சன். "பெரியப்பா, இது ஏழு வயசுப் பிள்ளையளின்ரை பாடம்."

"தெரியும்" எண்டார் மனிசன், முள்ளை எடுத்துக்கொண்டே. "வெள்ளைக்காரன்ரை ஏழு வயசு எங்கடை பதினாலுக்குச் சரி."

சீ! தம்பி பெத்த சொந்தப் பெறாமகளை ஏழு வயசுக்கு இறக்கிப்போட்டு, அடுத்த வாயிலை குழம்புக்குப் புளி காணாதெண்டார்.

எனக்கு வாய் சும்மா கிடக்கேல்லை. பெரியப்பாவின்ரை மகனுக்கும் என்ரை வயசுதான், ஒருசில மாதம் இளையவன். அவன் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தான். "ஆருக்கு வேணும்" எண்டு பெரியப்பா கேட்ட அதே பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள்தான் அவனுக்கு. "இது அவ்வளவு நல்ல படிப்பெண்டால் தம்பிக்கும் இதையே குடுங்கோவன் பெரியப்பா. அவன்ரை புத்தகங்களை நான் எடுக்கிறன்" எண்டன்.

பெரியப்பா சிரிச்சார். பால்குடிக்கு விளங்கப்படுத்திற மாதிரி ஆறுதலாய்ச் சொன்னார்: "விசர்ப் பெட்டை. அவன் சோதினை எழுதவேண்டிய பிள்ளையெல்லோ."

நான் அப்பாவைப் பாத்தன். "இவளும் எழுதட்டும் அண்ணை" எண்டு ஒரு சொல்லு. அது வந்தால் காணும். அப்பா சோத்தைப் பிசைஞ்சார். இன்னும் பிசைஞ்சார். பிறகு நிமிர்ந்து என்னட்டைச் சொன்னார்: "பெரியப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விடு பிள்ளை."

விட்டன். சோதினை எழுதேல்லை. பெரியப்பாவை நினைச்சால் எனக்கு இண்டைக்கும் பத்திக்கொண்டு வரும். அப்பாவை நினைச்சால் அதுகூட வாறேல்லை.