லிப்ற் இருந்தும் ஏறிய அறுபத்தாறு படிகள்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வானத்தில் ஒரு முகில் இல்லை, காற்றும் இல்லை. நானும் மனைவியும் கொக்குவிலில் இருந்து ஓட்டோவில் வந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் இறங்கினோம். அவளுக்கு எழுபத்தொரு வயது. இரண்டு முழங்காலிலும் தேய்வு. டாக்குத்தர் இருந்தது மூன்றாம் மாடியில். எங்கள் இலக்கம் பதினேழு.

லிப்ற்றைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு. மகள் கனடாவில் இருந்து அனுப்பிய ரப்லெற்றில் இரண்டு வருடமாக வீடியோ பார்த்து, ஒரு கொப்பி நிறையக் குறிப்பு எழுதியிருக்கிறேன். முந்திய மாதம் எங்கள் முதியோர் சங்கத்தில் நாற்பது நிமிடம் பேசினேன். பிராகாவில் கதவே இல்லாமல், நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும் லிப்ற். ஓடும்போதே காலை வைத்து ஏற வேண்டும். சீனாவில் மலைச்சுவரோடு ஏறும் கண்ணாடி லிப்ற். ஸ்கொத்லாந்தில் வள்ளங்களைத் தண்ணீரோடு தூக்கும் பெரிய சக்கரம். முப்பத்திரண்டு பேர் கைதட்டினார்கள்.

ஒரு லிப்ற்றிலும் நான் ஏறியதில்லை என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. யுத்த காலத்தில் வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தவன் நான். பிறகு வந்த மின்வெட்டுகளையும் நிமிடம் நிமிடமாகக் குறித்து வைத்தவன். கரண்டை நம்பி ஒரு பெட்டிக்குள் நின்று கதவைச் சாத்த என்னால் முடியாது.

அவளை ஒரு கதிரையில் இருத்திவிட்டு லிப்ற் பக்கம் போனேன். கதவு திறந்தது, மூன்று பேர் இறங்கினார்கள், நான்கு பேர் ஏறினார்கள். கதவு மூடியது. திரும்பி வந்தேன்.

"லிப்ற் பழுதாம். படியாலை போவம்."

"ஆர் சொன்னது?"

"காவல்காரர்."

அவள் லிப்ற் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு கைபிடியைப் பிடித்தாள். மாடிக்கு இருபத்திரண்டு படி. முதல் மாடியில் ஒருமுறை நின்றாள், அடுத்ததில் மூன்று முறை. "உங்கடை சீனாக்காரன் மலைக்கே லிப்ற் பூட்டிப்போட்டான், என்ன?" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். நான் படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அறுபத்தாறாவது படியில் கால் வைத்தபோது எதிரே லிப்ற் திறந்தது. வெளியே வந்தவர் எங்கள் சங்கத்துச் செயலாளர்.

"அண்ணை! என்ன இது, அக்காவைப் படியாலை ஏத்திக்கொண்டு வாறியள்? லிப்ற் நல்லா ஓடுதே!"

அவள்தான் சொன்னாள்: "எனக்குத்தான் தம்பி லிப்ற் எண்டால் பயம். அவர் வாரும் வாரும் எண்டு கூப்பிட்டவர்."

டாக்குத்தரின் அறைக்கு வெளியே வாங்கில் காத்திருந்த ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். "உலகத்து லிப்ற் எல்லாம் தெரிஞ்ச மனுசனை வைச்சுக்கொண்டோ பயம்?" என்றார் செயலாளர்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானும் சிரித்தேன். "பொம்பிளையளுக்கு உந்தப் பயம் போகாது. நாலு கம்பி அறுந்தாலும் ஒரு கம்பி தாங்கும் எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வலது முழங்கால் வீங்கியிருந்தது. டாக்குத்தர் அழுத்தியபோது கத்திவிட்டாள். இனிப் படி ஏறக்கூடாது, பத்து நாள் பயிற்சிச் சிகிச்சைக்கு வர வேண்டும் என்றார்.

வெளியே வந்து அவள் தானே லிப்ற் பொத்தானை அமத்தினாள். "நீங்கள் படியாலை வாங்கோ" என்றாள். குரலில் கோபம் இல்லை. கதவு மூடும்வரை நின்று பார்த்தேன்.

ஓட்டோவில் கேட்டேன்: "நான் சொன்னது பொய் எண்டு உமக்கு எப்ப தெரியும்?"

"கீழை கதிரையிலை இருக்கேக்கை. எனக்குக் காலிலைதானே வருத்தம், கண்ணிலை இல்லையே."

சிகிச்சை நாட்களில் அவள் லிப்ற்றில் போனாள், நான் படியில். ஒருநாள் செயலாளர் கண்டுவிட்டு, "பயம் தெளிஞ்சிட்டுதோ அக்கா?" என்றார். "ஓம் தம்பி" என்றாள். பின்னால் மூச்சு வாங்க வந்த என்னைப் பார்த்து, "அண்ணை இந்த வயதிலும் உடற்பயிற்சி!" என்று பாராட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பொய்க்கு ஆன செலவையும் குறித்து வைத்தேன்: சிகிச்சை பத்து நாளும் ஆயிரத்தெண்ணூறுப்படி பதினெட்டாயிரம். ஓட்டோ, போக வர எண்ணூறுப்படி எண்ணாயிரம். முழங்கால் பட்டி ஆயிரத்து நானூறு. மொத்தம் இருபத்தேழாயிரத்து நானூறு ரூபாய்.