என்னை அடித்தது ஒரு பந்து

போன வருடம் கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மனியின் ஹனோவரில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் லக்ரோஸ் விளையாடுகிறவள். நுனியில் வலை கட்டிய தடியால் பந்தை எறிந்து, ஏந்தி, கோல் போடும் விளையாட்டு. பந்து கைக்குள் அடங்கும்; ஆனால் கெட்டி ரப்பர், கல் மாதிரி. நான் கோல் காப்பவள். திறமையைப் பார்த்து யாரும் என்னை அங்கே நிறுத்தவில்லை. ஓடவிட்டால் மூச்சு வாங்குகிறது, நிறுத்தி வைத்தால் பாதிக் கோலை உடம்பே அடைத்துவிடுகிறது என்று நிறுத்தினார்கள். தலைக்கும் நெஞ்சுக்கும் கவசம் உண்டு. மேற்கைக்கு இல்லை.

அன்று காலை ஆட்டம். மத்தியானம் கணவரின் தங்கை மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, பெரியவளானதற்கான விழா. அவசரமாகக் குளித்து, சேலை கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன். ரவிக்கைக் கைக்குக் கீழே பந்து பட்டுக் கன்றிப்போன கண்டல்கள் வட்ட வட்டமாக, சேலையின் ஊதாக் கரைக்கு அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியிருந்தன.

தெரிந்த அக்கா ஒருவர் என்னை மூலைக்கு இழுத்தார்.

"பிள்ளை, ஒளிக்காமல் சொல்லும். மனுசன் குடிக்கிறவரோ?"

"ஓம் அக்கா. விடிஞ்சால் பொழுதுபட்டால் பால் தேத்தண்ணிதான்."

"பகிடி விடாதையும். உந்தக் கைக்கு என்ன நடந்தது?"

"லக்ரோஸ் விளையாடினனான்."

"அது பணக்கார வெள்ளைக்காரப் பெட்டையளின்ரை விளையாட்டெல்லோ! நாப்பது வயசில நீர் போய் விளையாடுறீரோ? ஆருக்குக் கதை விடுறீர்?"

அவர் என் கணவரைப் பார்த்த பார்வையில் பாயசம் திரிந்திருக்கும். என் மனுசனோ, வீட்டுக்குள் குளவி வந்தால் கிளாஸால் மூடி வெளியே கொண்டுபோய், "போட்டு வா" என்று வழியனுப்புகிற மனிதர்.

பந்தியில் பரிமாறும்போது, காலையில் பந்து பட்ட பெருவிரல் வீங்கத் தொடங்கியது. பாயச வாளியைத் தூக்க முடியவில்லை. சேலையோடு அப்படியே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். அங்கே பார்த்தால் எங்கள் அணிப் பெண் ஒருத்தி, ஜெர்மன்காரி, கணுக்கால் வீங்கி உட்கார்ந்திருக்கிறாள். அவளும் குளித்து, பூப்போட்ட கவுன் போட்டுத்தான் வந்திருந்தாள். அவள் கையிலும் அதே வட்டக் கண்டல். யாருடையது பெரிது என்று காட்டிச் சிரித்தோம். மண்டபத்தில் கட்டிக் கொடுத்த பயற்றம் பணியாரத்தைக் கணவர் அவளிடம் நீட்டினார்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மருத்துவர் என் வயதுப் பெண். கணவரை வெளியே இருக்கச் சொன்னார். விரலை விட்டுவிட்டு, மேற்கையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், இதைச் செய்தது யார் என்று.

"எதிரணியின் ஏழாம் நம்பர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. லக்ரோஸ் என்று விளக்கினேன். தான் அமெரிக்காவில் ஒரு வருடம் படித்ததாகவும், லக்ரோஸ் விளையாடுகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். அவர் கண் என் பொட்டிலிருந்து சேலை மடிப்பு வரை இறங்கி, மிச்சத்தைச் சொன்னது.

"இங்கே நீங்கள் யாரையும் காப்பாற்றத் தேவையில்லை" என்றார். காலையில் கோல் கோலாக உள்ளே விட்டவளிடம் சொல்கிற வார்த்தையா இது? ஆனால் சிரிப்பு வரவில்லை. தன் சந்தேகத்தைக் குறிப்பில் எழுதப்போவதாகவும் சமூகப் பணியாளர் ஒருவர் என்னோடு பேசுவார் என்றும் சொன்னார். பணியாரப் பெட்டியோடு வெளியே உட்கார்ந்திருக்கும் என் மனுசனைப் பற்றித்தான் எழுதப்போகிறார்!

மருத்துவர் கட்டில்களுக்கு நடுவே தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் போனார். அங்கே, அதற்குள் உள்ளே கூப்பிடப்பட்டிருந்த என் அணிக்காரி.

"அட, கையிலும் அடியா? எப்படி?"

"லக்ரோஸ்."

"வென்றீர்களா?"

அவ்வளவுதான். வேறு கேள்வி இல்லை.

திரையை இழுத்துத் திறந்தேன். "தோற்றுவிட்டோம்! கோலில் நின்றது நான்!" கோபம் வந்தால் என் ஜெர்மன் தடுக்கி விழும். அன்று விழவில்லை.

அணிக்காரி முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "எங்கள் கோல் காப்பவள் இவள்தான்" என்றாள். மருத்துவரின் முகம் சிவந்தது. சந்தேகம் வந்தால் கேட்பது எங்கள் கடமை என்றார்.

"கேளுங்கள். கட்டாயம் கேளுங்கள். இவளிடம் ஏன் கேட்கவில்லை? இவள் வீட்டில் ஆண் இல்லையா?"

மன்னிப்புக் கேட்டார், எதுவும் எழுதமாட்டேன் என்றார். அதுதான் இன்னும் எரிச்சல். நான் எத்தனை தரம் சொன்னேன்! அவள் ஒரு தரம் சொன்னதும் நம்பிவிட்டார்.

விரலுக்குக் கட்டுப் போட்டு வெளியே வந்தேன். கணவருக்குப் பக்கத்தில் காவலாளி ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த ஆளுக்குப் பணியாரம் குடுத்தனான், வேண்டாமெண்டுட்டார். ஏனப்பா, சீனி வியாதியோ?"

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். வேறென்ன சொல்ல?

இன்றும் கோலில் நிற்கிறேன், இன்றும் கை ஊதா நிறம்தான், பந்து பட்ட வலி இரண்டு நாளில் போய்விடுகிறது, திரைக்கு அந்தப் பக்கம் கேட்ட "வென்றீர்களா?" என்ற, என்னிடம் கேட்கப்படாத அந்தக் கேள்விதான் இன்னும் போகவில்லை.